கப்பல்காரியின் பொட்டு

எனக்கு ஓரிடத்தில் இருந்து நாடகம் பார்க்க வராது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். கால் ஆடினால் முன் கதிரைக்காரர் திரும்பி முறைப்பார். எழும்பிப் பின்னால் போய் நின்றால், மேடைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறதோ என்று மனம் அரிக்கும். இப்படியே நின்றும் நடந்தும் ஒரே கூத்தை நான்கு இடங்களில் பார்த்துவிட்டேன்.

நோட்டீசில் அதன் பெயர் நீளமாக இருக்கும். சனம் கப்பல் கூத்து என்றுதான் சொல்லும். கதை சின்னது. முத்து வாங்கி வரும்படி ஓர் அரசன் ஒரு கப்பல்காரனைக் கடலுக்கு அனுப்புகிறான். வருசங்கள் போகின்றன, கப்பல் வரவில்லை. ஆள் செத்துவிட்டான் என்று அரசன் தானே முடிவெடுத்து, கப்பல்காரனின் பெண்சாதியைச் சபைக்குக் கூப்பிட்டு, பொட்டை அழித்து வெள்ளைச்சேலை உடுக்கச் சொல்கிறான். அவள் அழிக்கிறாள். ஒப்பாரி சொல்லி அழுகிறாள். அந்த அழுகை முடிகிற இடத்தில் கப்பல் வந்து சேர்கிறது. கப்பல்காரன் தன் கையால் அவளுக்குப் பொட்டு வைக்க, மங்களம் பாடி முடிப்பார்கள். முழுக்கப் பாட்டுத்தான், வசனம் என்று எடுத்தால் நாலைந்து வரி தேறாது. அந்தப் பெண்சாதியை எங்கள் பக்கத்தில் கப்பல்காரி என்பார்கள்.

அரசன் எந்த ஊர் மேடையிலும் ஒரே அரசன்தான். மினுங்கல் சட்டை, முறுக்கிய மீசை, தேவையில்லாத சத்தம். கப்பல்காரி மட்டும் ஊருக்கு ஊர் வேறு ஆளாக வந்தாள். அவளைத்தான் நான் ஒப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். ஏன் இந்த வேலை என்று கேட்டால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் அக்காவும் அக்காவின் மாமியாரும் தர்மபுரத்தில் ஒரே வளவில் இருக்கிறோம். அத்தான் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். செத்ததைக் கண்டவர்கள் இல்லை. உயிரோடு கண்டோம் என்றவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைச் சொன்னார்கள். அக்கா தினமும் முகம் கழுவியதும் பொட்டு வைப்பாள், குங்குமத்தில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு. மாமியின் கவலை வேறு. மகன் போய்விட்டான் என்றால் ஒரு கிரியையும் நடக்காமல் ஆவி அலையுமே என்று அந்த மனுசிக்கு ஆறுதல் இல்லை. அமாவாசை நெருங்கினால், "என்ர பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளுந் தண்ணியும் இறைக்க விடு பிள்ளை" என்று அக்காவிடம் கேட்பார். அக்கா "வேண்டாம் மாமி" என்பாள். சண்டை இல்லை, குரல் உயராது. ஒருவர் அடுப்படிக்குப் போவார், மற்றவர் வயலுக்குப் போவார். நடுவில் இருந்து சோறு தின்கிற எனக்குத்தான் கால் ஆடும். இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் வரும். இரண்டு பேரிலும் பாவமாகவும் இருக்கும்.

நான் முதன்முதல் கப்பல்காரியைப் பார்த்தது கொக்கிளாயில். என்னோடு கல்வி அலுவலகத்தில் வேலை செய்கிற பெண் அந்த ஊர்க்காரி. கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போடுகிறார்கள் என்று என்னையும் அக்காவையும் அழைத்தாள். அக்கா வரவில்லை. நான் போனேன். ஆடியவர்கள் எல்லோரும் ஆண்கள், களப்பில் இறால் பிடிக்கிறவர்கள். அந்தப் பக்கத்தில் இந்தக் கூத்து மிக நீளம், ஒரு தொண்டை அவ்வளவுக்குத் தாங்காது. அதனால் ஒரு பாத்திரத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் பாதி ஆடுகிறவர் முன்பங்கு, அடுத்தவர் பின்பங்கு. கப்பல்காரி கையில் எப்போதும் ஒரு சிவப்புக் கைக்குட்டை வைத்திருப்பாள், லேஞ்சி என்பார்கள். மாறுகிற இடத்தில் முன்பங்கு அந்த லேஞ்சியைப் பின்பங்கின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். லேஞ்சி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கப்பல்காரி. சனம் அதை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

அங்கே முன்பங்கு ஓர் ஒல்லி மனிதர். லேஞ்சியை வாங்கிக்கொண்டு வந்த பின்பங்கு மலைபோல் ஓர் ஆள். "புருசன் வராத கவலையில மனிசி நல்லாத்தான் உடம்பு வைச்சிட்டா" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்த ஆள் புறங்கையால், வியர்வை துடைப்பதுபோல், ஒரே இழுப்பில் பொட்டை அழித்தார். நெற்றி முழுவதும் சிவப்பு இழுபட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. களப்புக்கரை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்தபோது கப்பலும் வந்திருந்தது.

அந்தக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரை எனக்கு ஏற்கெனவே தெரியும், மீன்காரராக. கொக்கிளாயில் பிறந்து விசுவமடுவில் கலியாணம் கட்டியவர். மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கும் வருவார். எதற்கும் குறை சொல்கிறேன் என்று எனக்கு அவர் வைத்த பட்டம் நீதவான். அடுத்த முறை மீன் கொண்டு வந்தபோது, "என்ன நீதவான் அம்மா, தீர்ப்பு என்ன மாதிரி?" என்றார்.

"பின்பங்குகாரர் திறம். ஆனா அரசன் சொன்ன கையோட அவ ஏன் அழிக்கிறா?"

"அரசன் சொன்னா அழிக்கத்தானே வேணும்."

"ஆள் செத்தது அரசனுக்கு எப்பிடித் தெரியும்?"

"பிள்ளை, நீர் மீனை எடும். வெயில் ஏறுது" என்றார்.

அந்தக் கேள்வியை ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடங்களுக்கிடையே நாடகப் போட்டி வந்தபோது, கதிரை அடுக்கவும் விருந்தினருக்குச் சோடா கொடுக்கவும் அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். அங்கே இதே கூத்தை அரை மணித்தியாலத்துக்குச் சுருக்கிப் போட்டார்கள். இந்தக் கப்பல்காரி ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. அழவேயில்லை. அரசனைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்டது யார், எங்கே கண்டது, எப்போது கண்டது என்று பாட்டிலேயே குறுக்கு விசாரணை செய்தாள். ஆனால் கடைசியில் அவளும் அழிக்கத்தான் வேண்டும். பிள்ளையின் தாய் கூத்துப் பழக்குகிற இடத்துக்கு வந்து, கன்னிப்பிள்ளையின் நெற்றியில் பொட்டை அழிக்கிற வேலை வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். ஆசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். ஒட்டுப்பொட்டு வைத்தார்கள். அந்தப் பிள்ளை அதை உரித்து, குளிக்கப் போகிற பெண்கள் கண்ணாடியில் ஒட்டுவதைப்போல, அரசனின் சிம்மாசனத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். திரும்ப வந்து எடுப்பேன் என்பதுபோல் இருந்தது. நான் சோடாத் தட்டோடு நின்று கைதட்டப் பார்த்தேன். இரண்டு போத்தல் விழுந்து உடைந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கும் மாமிக்கும் நடித்துக் காட்டினேன். மாமி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "பிறகு எடுத்து ஒட்டினவளோ?" என்று கேட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. போத்தல் துண்டு பொறுக்கிக்கொண்டு இருந்தேன்.

மூன்றாவது வவுனியாவில், ஒரு மண்டபத்தில். பூவரசங்குளத்தில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அக்காதான் போவோம் என்றாள். படித்த இளம் பிள்ளைகளின் குழு. மேடையில் ஒரு கதிரை, கதிரையில் கப்பல்காரி. அவளுக்குப் பொட்டே இல்லை. தொடக்கத்திலிருந்தே இல்லை. அவள் வாயும் திறக்கவில்லை. மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று அவளுடைய பாட்டுகளைப் பாடினார்கள். நல்ல குரல்கள், குறை சொல்ல முடியாது. கடைசியில் கப்பல் வரவில்லை. விளக்கு அணைந்தது. முடிந்துவிட்டதா, மின்சாரம் போய்விட்டதா என்று தெரியாமல் சனம் கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் தொடங்கினாள்.

"கப்பல் வராட்டி என்னத்துக்கு அவளை உதில இருத்தி வைச்சவங்கள்?"

"அது உண்மைக்குக் கிட்டவா இருக்கெண்டுதான்..."

"உண்மையோ? அவள் சமைக்கேல்லையோ? தண்ணி அள்ளேல்லையோ? வாய் இல்லையோ அவளுக்கு? கதிரையில இருந்துகொண்டோ காத்திருக்கிறது? நாங்கள் அப்பிடியோ இருக்கிறம்?"

முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. மாங்குளம் தாண்டும் வரை நிற்கவில்லை.

அந்த வருசம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு மாதர் சங்கம் கப்பல் கூத்துப் போடத் தீர்மானித்தது. பழக்குவதற்கு அண்ணாவியாரைப் பிடித்தார்கள். கூட்டத்தில் யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பேசும்போது அக்கா எழும்பி, "கப்பல்காரி நான் ஆடுறன்" என்றாள். எல்லோருடைய கண்ணும் அவளுடைய நெற்றிக்குத்தான் போனது. மேடையில் அவள் பொட்டை அழித்தால், விளையாட்டுக்கு அழித்தாள் என்று இந்த ஊரில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்பார்கள். அவளே எப்படி எடுப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமி பின் வரிசையில் இருந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்.

அண்ணாவியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பிள்ளை முன்பங்கு ஆடட்டும். பின்பங்குக்கு வேற ஆள் போடுவம்" என்றார். நாங்கள் போடும் இரண்டு மணித்தியாலக் கூத்துக்கு இரண்டு தொண்டை எதற்கு என்று நான் வாய் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். பொட்டு அழிக்கிற இடம் பின்பங்கில்தான் வருகிறது.

பின்பங்குக்கு உழவு மெசின் ஓட்டுகிறவரின் மனைவியைத் தெரிந்தெடுத்தார்கள். அவளுக்கு நல்ல குரல், அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. கடைசியில் கப்பல்காரன் அவளுக்குப் பொட்டு வைக்க வேண்டும். அடுத்தவன் பெண்சாதியின் நெற்றியில் ஓர் ஆண் கை வைப்பதை எங்கள் ஊர் பார்த்துக்கொண்டு இருக்காது. ஆகவே கப்பல்காரன் அவளுடைய புருசனேதான். "சொந்த மனிசிக்குத்தானே வைக்கிறான், ஆர் என்ன சொல்லேலும்" என்றார் அண்ணாவியார். எல்லாப் பக்கமும் வேலி போட்டுவிட்டோம் என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் நிம்மதி இல்லை. அக்கா இவ்வளவு சுலபமாக ஓம் என்று சொல்லியிருக்கக் கூடாது.

திருவிழா அன்று பின்னேரப் பூசை முடிந்ததும் கூத்துத் தொடங்கியது. என்னைப் பார்வையாளர் பக்கம் விட்டால் அலைந்து திரிவேன் என்று திரைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நிறுத்தியிருந்தார்கள். முன்பள்ளி ஆசிரியை கண்மையால் மீசை வரைந்துகொண்டு அரசனாக வந்து, சத்தத்தில் கொக்கிளாய் அரசனையும் தோற்கடித்தார். பிறகு அக்கா வந்தாள்.

நான் பார்த்த எந்தக் கப்பல்காரியும் அப்படிக் காத்திருக்கவில்லை. காத்திருக்கிற பாட்டில் அவள் அரிசி புடைத்தாள், கொடியில் சேலை உதறிப் போட்டாள், பாடிக்கொண்டே வேலை செய்தாள். இடையிடையே ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். கடலைப் பார்க்க வேண்டிய இடம் அது. அவள் பார்த்தது பஸ் வருகிற பெரிய ரோட்டை. எங்கள் படலையில் நின்று அவள் பார்க்கிற பார்வை அதேதான். வாய் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்க, கண் ஒரு பஸ் வந்து நின்று போனதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசனின் ஆள் வந்து சபைக்கு அழைத்தான். லேஞ்சி மாறுகிற இடம். மெசின்காரரின் மனைவி வந்து கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.

பிற்பாட்டுக்காரர்கள் அந்த வரியைத் திரும்பப் படித்தார்கள். இன்னொருமுறையும் படித்தார்கள். அக்கா லேஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடைத் தூணோடு போய் நின்றாள். உள்ளே வரவில்லை. "அக்கா, வாங்கோ" என்று நான் திரைக்குள்ளிருந்து கூப்பிட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணாவியார் தாளத்தை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் கையை விரித்தேன். மெசின்காரரின் மனைவி புத்திசாலி. ஒரு விநாடி யோசித்துவிட்டு, லேஞ்சி இல்லாமலே சபைக்கு நடந்தாள். அரசன் சொல்ல, சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள், அழுதாள். வெள்ளைச்சேலையோடு ஒருத்தி தரையில். பொட்டோடும் லேஞ்சியோடும் ஒருத்தி தூணடியில். முன் வரிசையில் மாமி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

கப்பல் வந்தது. தலைப்பாகையோடு மெசின்காரர் பாடிக்கொண்டு துள்ளி வந்து, இரண்டு கப்பல்காரிகளைக் கண்டு திகைத்துப் போனார். பாவம், அவருக்கு மேடையில் நடந்தது தெரியாது. அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் பழகியபடி தன் மனைவியிடம் போய், குனிந்து, பொட்டு வைத்தார். சனம் குரவையிட்டது. மங்களம் தொடங்கியது. அக்கா தூணடியில் அப்படியே நின்றாள். அவளிடம் ஒருவரும் வரவில்லை.

அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நான் அசையாமல் நின்றேன். கால் ஆடவில்லை. வாழ்க்கையில் அது எனக்குப் புதுசு. ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அது அவளுடைய மேடை.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். கோபித்துக்கொண்டாளா, அழப்போகிறாளா, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று என் மனம் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. படலையைத் திறக்கிற நேரம் அக்கா சாதாரணமாகச் சொன்னாள்.

"பாத்தியே. அவளட்டைத்தான் போனவர். நான் முன்னுக்குத்தானே நிண்டனான்."

நான்கு கப்பல்காரிகளையும் தராசில் வைத்து நிறுக்கிற நீதவானுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

ஊர் ஒரு கிழமை கதைத்தது. குழப்பிவிட்டாள் என்றார்கள் சிலர். அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள் வேறு சிலர். பிறகு அறுவடை வந்து எல்லோரும் மறந்தார்கள். ஒரு ஞாயிறு காலை அண்ணாவியார் மீனோடு வந்தார். பெட்டியைத் திறக்காமல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். விசுவமடுவிலும் இதே கூத்தைப் போடக் கேட்கிறார்கள், அக்கா வருவாளா என்று என்னிடம் கேட்டார். அவளிடம் நேரே கேட்கப் பயம் அவருக்கு. அக்கா கிணற்றடியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வாறன். ஆனா எனக்குப் பின்பங்கு தாங்கோ."

அண்ணாவியார் என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி மீன் வாங்க எடுத்துவந்த சட்டியோடு குசினி வாசலில் நின்றார்.

"பிள்ளை, பின்பங்கில பொட்டு..." என்று அவர் இழுத்தார்.

"தெரியும். அழிப்பன். அழிச்சவளட்டைத்தானே கப்பல் வருது."

"அதில்லைப் பிள்ளை. கப்பல்காரனா அந்த மெசின்காரன்தான் வருவான். அவன் உமக்குப் பொட்டு வைக்கேலாதே."

"அவர் ஏன் வைக்கோணும்? கப்பல் வந்தாக் காணும். பொட்டை நானே வைப்பன்."

"கூத்தில அப்பிடி இல்லையே பிள்ளை."

"இல்லாட்டி எழுதுங்கோ" என்றாள் அக்கா.

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பெட்டியைத் திறந்து, கேட்காமலே இரண்டு பாரையை எடுத்து மாமியின் சட்டியில் போட்டார். மாமி மீனைப் பார்க்கவில்லை. அக்காவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"அப்ப பிள்ளை, அந்த எள்ளுந் தண்ணியும்?"

எனக்குக் கால் ஆடத் தொடங்கிவிட்டது. இத்தனை வருசமாக இந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் ஒரே பதில்தான். அக்கா மாமியின் கையிலிருந்த சட்டியை வாங்கினாள். குசினிக்குப் போகிற வழியில், திரும்பாமல், "முதல்ல கூத்து முடியட்டும் மாமி. பாப்பம்" என்றாள்.